குரும்பைத் தேர்

நன்னிலத்தில் அம்மா வீட்டுக் கொல்லையில் இரண்டு தென்னைகள் இன்னும் நிற்கின்றன. மாட்டுப்பொங்கல் அன்று காலை அவற்றின் அடியில் உதிர்ந்து கிடந்த குரும்பைகளை முந்தானையில் பொறுக்கிக்கொண்டு வந்தார் அம்மா. திண்ணையில் உட்கார்ந்து ஈர்க்குகளைக் கிள்ளினார். நான்கு குரும்பைகள் சக்கரம் ஆயின. குறுக்கும் நெடுக்குமாக ஈர்க்கைச் செருகி மேலே மேலே அடுக்கு கட்டி, உச்சியில் இருப்பதிலேயே சின்னக் குரும்பையைக் கலசமாகக் குத்தினார். பத்து நிமிடத்தில் தேர் ரெடி. என் தங்கை மகனுக்கு ஏழு வயது. சென்னையில் பிறந்து வளர்ந்தவன். அதை இரண்டு கையாலும் ஏந்தி வாங்கினான்.

"இது தானா ஓடுமா பாட்டி?"

"ஓடாதுடா கண்ணு. நீதான் இழுக்கணும்."

அவன் அக்காவுக்குப் பத்து வயது. அவளிடம் ஒரு நோட்டு உண்டு. போகிற இடமெல்லாம் எதையாவது எண்ணி அதில் எழுதிக்கொள்வாள். இவர்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு நான்கு நாள் டெல்டாவைச் சுற்றினேன். போகும் இடத்தைக் குழந்தைகள் தங்கள் கை காலால் பார்க்க வேண்டும், நான் குறுக்கே நிற்கக் கூடாது என்று மட்டும் முடிவு செய்திருந்தேன். குரும்பைத் தேரும் கூடவே வந்தது.

முதலில் எங்கள் ஊர்க் கோயில். சுந்தரர் நன்னிலத்துப் பெருங்கோயில் என்று பாடிய மதுவனேசுவரர் கோயில். தேவர்கள் அசுரனுக்கு அஞ்சித் தேனீக்களாக மாறி இந்த வனத்தில் இறைவனை வழிபட்டார்கள், அதனால் இது மதுவனம் என்பது தலபுராணம். நான் சிறுவனாக இருந்தபோது எனக்குத் தேனீயைவிட யானைதான் பிடிக்கும். இது மாடக்கோயில். மண்ணைக் கொட்டி மேடாக்கி, அதன்மேல் கருவறை. படி ஏறித்தான் போக வேண்டும். யானை ஏற முடியாத கோயில்.

படியடியில் உட்கார வைத்துக் கதையைச் சொன்னேன். திருவானைக்காவில் வெண்ணாவல் மரத்தடியில் ஒரு லிங்கம். மேலே சருகு விழாமல் இருக்க ஒரு சிலந்தி வலை பின்னியது. ஒரு யானை தினமும் தும்பிக்கையில் நீர் கொண்டுவந்து அபிஷேகம் செய்தது. யானைக்கு வலை குப்பை, பிய்த்து எறிந்தது. சிலந்திக்குக் கோபம், துதிக்கைக்குள் புகுந்து கடித்தது. யானை துதிக்கையை நிலத்தில் அடித்தது. இரண்டுமே செத்தன. அந்தச் சிலந்திதான் மறுபிறவியில் சோழ அரசனாகப் பிறந்தது. நல்ல நாழிகை வரும்வரை பிள்ளை பிறக்கக் கூடாது என்று தாய் தன்னைத் தலைகீழாகக் கட்டச் சொன்னாள். காலம் தாழ்ந்து பிறந்ததில் பிள்ளையின் கண் சிவந்துபோயிற்று. கோச்செங்கணான். யானை நுழைய முடியாத கோயில்களாகக் கட்டினான். எழுபது என்று திருமங்கையாழ்வார் கணக்குச் சொல்கிறார். நன்னிலம் கோயில் அவன் செய்தது என்பதைச் சுந்தரர் தம் பதிகத்திலேயே குறித்திருக்கிறார்.

"அந்தச் சிலந்தி அடுத்த பிறவியிலகூட யானைய மன்னிக்கலையா மாமா?" என்றாள் பெரியவள்.

நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே சின்னவன் என் துண்டை உருவி மூக்கில் வைத்துத் தும்பிக்கை ஆக்கிக்கொண்டான். படியில் ஏறிப் பார்த்தான். நான்கு காலால் ஏறினான். பக்கவாட்டில் திரும்பி ஏறினான். மேலே வாசலுக்குப் போய், "யானையால முடியாதுதான், இடிக்கும்" என்று தீர்ப்புச் சொன்னான். கட்டடக்கலைப் புத்தகம் எதிலும் மாடக்கோயிலை இவ்வளவு சரியாக நான் படித்ததில்லை. குருக்கள் பார்த்துக்கொண்டே நின்றார். நான் சங்கடத்தோடு, "டேய், மெதுவா" என்றேன். "இருக்கட்டும் விடுங்கோ. கொழந்தை ஏறாத படி என்ன படி" என்றார்.

கோச்செங்கணான் நிஜ ராஜாவா என்று இருவரும் கேட்டார்கள். சேரன் கணைக்கால் இரும்பொறையோடு அவன் போர் செய்ததைக் களவழி நாற்பது பாடுகிறது. அந்தப் போர்க்களமெங்கும் வெட்டுண்ட யானைகள் கிடக்கின்றன. புராணத்துச் சிலந்தியையும் இலக்கியத்து அரசனையும் யானைப் பகை ஒன்றாகக் கட்டிப்போடுகிறது.

மேலே நின்று பார்த்தால் வேறொன்று புரியும். எங்கள் நாட்டில் மலை கிடையாது. குன்றுகூடக் கிடையாது. கண்ணுக்கு எட்டும் தூரம் வரை வயல், வாய்க்கால், தென்னந்தோப்பு, மறுபடி வயல். காவிரி பல கிளையாகப் பிரிந்து மண்ணைக் கொண்டுவந்து பரப்பி, பலகைபோலத் தட்டையாக்கி வைத்த நிலம். இங்கே பிறந்த குழந்தை உயரம் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள ஏறிப் பார்த்த முதல் இடம் கோயில் மாடமாகத்தான் இருக்கும். நானும் இங்கேதான் முதன்முதலில் எங்கள் வீட்டுக் கூரையைக் கீழே பார்த்தேன். தை மாதத்துச் சம்பா பழுத்து நின்றது. தூரத்தில் அறுவடை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அதன் பின்னாலேயே வெள்ளையாகக் கொக்குகள். பெரியவள் படிகளை எண்ணி நோட்டில் எழுதிக்கொண்டாள். தம்பி எண்ணியதில் ஒன்று கூடுதல். யார் சரி என்று பார்க்க இருவரும் இன்னும் இரண்டு தடவை ஏறி இறங்கினார்கள்.

பூந்தோட்டத்தை ஒட்டிக் கூத்தனூர். அரசலாற்றங்கரையில் சரஸ்வதிக்கென்று தனிக்கோயில் உள்ள ஊர். விஜயதசமி அன்று இங்கே குழந்தைகளை மடியில் வைத்து நெல்லில் எழுத வைப்பார்கள். நான் எழுதியதும் இங்கேதான். சோழ அவைக்களப் புலவர் ஒட்டக்கூத்தரின் பெயரால்தான் ஊருக்குக் கூத்தனூர் என்று பெயர். கலைமகள் அருள் பெற்ற கவிராட்சசர் என்று அவரைப் பற்றிக் கோயிலில் பலரும் சொல்வார்கள். அவரைப் பற்றிக் குழந்தைகளிடம் சொல்லத் தோன்றியது வேறு. இன்று நமக்குக் கிடைக்கும் பிள்ளைத்தமிழ்களில் மிகப் பழையது அவர் பாடிய குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ்.

பாட்டுடைத் தலைவனைக் குழந்தையாக்கிப் பாடும் அந்த வகையில் குழந்தையின் விளையாட்டே இலக்கணம் ஆகிவிட்டது. மணலில் சின்ன வீடு கட்டினால் சிற்றில். சின்னப் பறை கொட்டினால் சிறுபறை. சின்னத் தேரை இழுத்தால் சிறுதேர். பெண்பிள்ளை என்றால் அம்மானை, நீராடல், ஊசல். அரசனோ தெய்வமோ, யாராக இருந்தாலும் தேர் இழுத்து விளையாடிய பிறகுதான் பெரியவர் ஆக முடியும். "அப்ப இது சிறுதேரா?" என்று சின்னவன் தன் குரும்பைத் தேரைத் தூக்கிக் காட்டினான். ஆமாம் என்றேன். அது முதல் அவன் அதைத் தேர் என்று சொல்லவில்லை, சிறுதேர் என்றே சொன்னான்.

காணும்பொங்கல் அன்று தரங்கம்பாடியில் இருந்தோம். காணும்பொங்கலுக்கு ஆற்றங்கரைக்கும் கடற்கரைக்கும் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போவது எங்கள் பக்கத்துப் பழக்கம். எங்கள் தூக்கில் புளியோதரையும் தயிர்சாதமும் இருந்தன. கடற்கரை முழுவதும் குடும்பங்கள். ஒரு வேனிலிருந்து இருபது பேராவது இறங்கியிருப்பார்கள். பாட்டிமார் கோட்டைச் சுவர் நிழலில் கால் நீட்டி உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஊருக்குள் நுழையும் வாசலே குழந்தைகளை நிறுத்திவிட்டது. 1792இல் கட்டிய வெள்ளை வாசல். அதைத் தாண்டினால் நேர்த் தெரு, தேவாலயங்கள், கடைசியில் கடல். 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று டேனிஷ்காரர்கள் இங்கே டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார்கள். டென்மார்க் மன்னருக்கு நாயக்கர் அனுப்பிய மடல் பொன்னோலையில் எழுதியது. அது இன்றும் கோபன்ஹேகனில் இருக்கிறது. 1845இல் ஊரை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போய்விட்டார்கள்.

இதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருக்க, சின்னவன் கோட்டை மதிலின் மேல் ஏறி, பீரங்கியின் வாய்க்குள் தலையை விட்டுக் கத்திக்கொண்டிருந்தான். பீரங்கி அவன் குரலைத் தடித்த குரலாகத் திருப்பிக் கொடுத்தது. கீழே சரக்கு வைத்த அறைகளும் சிறையும் இருட்டாக இருந்தன. அங்கேயும் போய்க் கத்திப் பார்த்தார்கள். ஒவ்வொரு அறையிலும் எதிரொலி வேறு மாதிரி வந்தது. பெரியவள் அதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் நோட்டில் கோடுகள் போட்டாள், நீளமான எதிரொலிக்கு நீளக் கோடு.

எனக்குத் தரங்கம்பாடி என்றால் சீகன்பால்கு நினைவுதான். 1706இல் ஜெர்மனியிலிருந்து டென்மார்க் மன்னர் அனுப்ப இங்கே வந்திறங்கிய இளைஞர். அச்சகம் வைத்து, தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டவர். ஆனால் அவர் தமிழ் கற்ற விதம்தான் என்னை எப்போதும் நெகிழ வைப்பது. திண்ணைப் பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவரைப் பிள்ளைகளோடு தம் வீட்டுக்கே வரவழைத்து, அந்தச் சின்னப் பிள்ளைகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து, அவர்களைப்போலவே மணலில் விரலால் எழுதி அ, ஆ கற்றார். இதைச் சொன்னதும் பெரியவள் ஈர மணலில் உட்கார்ந்து பெரிதாக ஒரு அ எழுதினாள். அலை வந்து அழித்தது. மறுபடி எழுதினாள். பக்கத்தில் காணும்பொங்கலுக்கு வந்திருந்த ஒரு பையன் தானும் ஒன்று எழுதினான். சற்று நேரத்தில் ஏழெட்டுப் பிள்ளைகள் வரிசையாக எழுதிக்கொண்டிருந்தார்கள். யாருடைய எழுத்தை அலை கடைசியாக அழிக்கிறதோ அவர் ஜெயித்தவர் என்று அவர்களே விதி வைத்துக்கொண்டார்கள்.

கரையோரம் பாண்டியன் குலசேகரன் காலத்து மாசிலாமணிநாதர் கோயில். கடல் அரித்துத் தின்றதுபோக மிஞ்சியதைக் கல்லடுக்கிக் காத்து நிற்கிறார்கள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இந்தக் கரைக்கும் வந்தது. அதைப் பற்றிக் குழந்தைகளிடம் சொன்னேன். சொல்லாமல் இருப்பது சரியென்று படவில்லை. இருவரும் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வடக்கே கொஞ்ச தூரத்தில் பூம்புகார். அன்று போகவில்லை. ஆனால் அந்த ஊர்ப் பிள்ளைகளைப் பற்றிய பழைய பாட்டு ஒன்றைச் சொன்னேன். பட்டினப்பாலையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டும் காட்சி ஒன்று உண்டு. காவிரிப்பூம்பட்டினம் என்ற அந்தப் பூம்புகாரில் வீட்டு முற்றத்தில் உணங்கப் போட்ட நெல்லைக் கோழி தின்ன வருகிறது. பெண்கள் காதிலிருந்த பொற்குழையைக் கழற்றி அதன்மேல் எறிகிறார்கள். குழை முற்றத்தில் கிடந்து, பிள்ளைகள் உருட்டி வரும் மூன்று சக்கரச் சின்னத் தேரைத் தடுக்கிறது. செல்வத்தைச் சொல்ல வந்த பாட்டு. படிக்கும்போதெல்லாம் எனக்குத் தங்கம் தெரிவதில்லை, தேர் நின்றுவிட்டதே என்று முகம் சுருக்கும் அந்தப் பிள்ளைதான் தெரிகிறான். இதைக் கேட்டதும் சின்னவன், "அவன் என்ன பண்ணான்?" என்றான். எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு ஓட்டியிருப்பான் என்றேன்.

மறுநாள் திருவாரூர். கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். ஒரு வேலி என்பது கிட்டத்தட்ட ஆறே முக்கால் ஏக்கர். கமலாலயக் குளத்தைப் பார்த்ததும் சின்னவன், "இது கடலா?" என்றான். நேற்றுத்தான் கடல் பார்த்துவிட்டு வந்தவன். நடுவே தீவுபோல ஒரு கோயில். கரையைச் சுற்றி வரக் கால் வலிக்கும். ஆனாலும் சுற்றினோம். படிகளில் மீன்கள் பொரிக்கு வாய் திறந்து மேலே வந்தன.

கோயிலுக்குக் கிழக்கே அதன் பெரிய தேரான ஆழித்தேர் நிற்கிறது. பங்குனியில் மூங்கிலும் துணியும் கட்டி அலங்கரித்தால் 96 அடி, எடை 300 டன். அப்போது பார்க்காமல் தையில் பார்ப்பவர்களுக்குத் தெரிவது மரத்தாலான அடிப்பகுதிதான். முதலில் சின்னவனுக்கு ஏமாற்றம். பிறகு சக்கரத்தின் பக்கத்தில் போய் நின்றான். சக்கரம் அவனைவிட உயரம், என்னையும்விட உயரம். கையிலிருந்த சிறுதேரை அதன் அடியில் வைத்தான். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். அங்கே நின்ற பெரியவர் ஒருவர் அருகே வந்து, "தம்பி, இது எப்படித் திரும்பும் தெரியுமா?" என்று கேட்டார். முட்டுக்கட்டையைப் பற்றி விளக்கினார். ஓடும் சக்கரத்தின் அடியில் சரியான நொடியில் மரக்கட்டையைப் போட்டால்தான் தேர் வேகம் தணியும், திசை திரும்பும். கட்டை போடுகிறவர்கள் சக்கரத்தின் ஓரமாகவே ஓடுவார்கள். முட்டுக்கட்டை என்பதை நாம் கெட்ட வார்த்தை ஆக்கிவிட்டோம். திருவாரூர்த் தெருமுனையில் அது இல்லாவிட்டால் தேர் வீட்டுக்குள் போய்விடும். இப்போது திருச்சி பெல் நிறுவனம் பொருத்திய பிரேக்கும் இருக்கிறது. பெரியவர் தாம் வாலிபத்தில் வடம் பிடித்த கதையைச் சொல்லும்போது உள்ளங்கையை விரித்துக் காட்டினார், காய்ப்பு இன்னும் இருப்பதுபோல.

அடுத்துப் பார்த்தது கல்தேர். மனுநீதிச் சோழன் கதையைக் கல்லில் செய்து வைத்திருக்கிறார்கள். பசு, மணி, தேர், சக்கரத்தின் கீழ் இளவரசன். கன்றின்மேல் தேர் ஏற்றிய மகனைத் தானே தேர் ஏற்றிக் கொன்ற அரசன் கதை. இலங்கையின் மகாவம்சம் இதே கதையை எல்லாளன்மேல் ஏற்றிச் சொல்கிறது. பெரியவர்கள் நாம் இதை நீதிக்கதையாகச் சொல்லிப் பழகிவிட்டோம். பெரியவள் கல்லில் கிடந்த இளவரசனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவனும் சும்மா தேர் ஓட்டிப் பாக்கத்தானே போனான் மாமா?"

கடைசியில் இறைவன் எல்லோரையும் எழுப்பிவிட்டார் என்று சொன்னேன். அவள் தலையாட்டினாள். ஆனால் நோட்டில் எதையும் எழுதவில்லை. நானும் அவளைத் தேற்ற வேறெதுவும் சொல்லவில்லை. எத்தனையோ தடவை இந்தக் கல்தேரைக் கடந்து போயிருக்கிறேன், அந்தப் பையன் பக்கம் நின்று ஒருமுறைகூட நினைத்ததில்லை.

திருவாரூர்க் கோயிலின் தேவாசிரிய மண்டபம்தான் அன்றைய நாளைத் தூக்கி நிறுத்தியது. மேற்கூரை முழுவதும் முந்நூறு ஆண்டுப் பழைய ஓவியங்கள். முசுகுந்தன் கதை. ஒரு குரங்கு மரத்திலிருந்து வில்வ இலைகளைப் பறித்துக் கீழே போட்டுக்கொண்டிருந்தது, கீழே சிவனும் பார்வதியும் இருந்தார்கள். அதனால் மகிழ்ந்த சிவன் அதை அரசனாகப் பிறக்கச் செய்தார். முகம் மட்டும் குரங்கு முகமாகவே இருக்கட்டும் என்று முசுகுந்தன் கேட்டுக்கொண்டான். அவன் இந்திரனுக்குப் போரில் உதவி, பரிசாகத் தியாகராசர் திருவுருவத்தைக் கேட்டான். கொடுக்க மனமில்லாத இந்திரன் அச்சு அசலாக இன்னும் ஆறு செய்து ஏழையும் வரிசையாக வைத்து, எது உண்மையானது என்று கண்டுபிடி என்றான். முசுகுந்தன் கண்டுபிடித்தான். ஏழும் அவனுக்கே கிடைத்தன. அவைதான் ஏழு ஊர்களில் இருக்கும் ஏழு விடங்கர்.

கதை வரிசை வரிசையாகப் போகிறது. ஒவ்வொரு காட்சிக்கும் கீழே தமிழில் விளக்கம். வரைந்தவர் சிங்காதனம் தம் பெயரையும் எழுதி வைத்திருக்கிறார். கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தோம். பிறகு குழந்தைகள் இருவரும் தரையில் மல்லாந்து படுத்துவிட்டார்கள். நானும் படுத்தேன். படுத்துப் பார்த்தால்தான் தெரிகிறது, இது படக்கதை. குரங்கு முகத்தோடு கிரீடம் வைத்த அரசனை ஒவ்வொரு கட்டத்திலும் தேடிக் கண்டுபிடிப்பது விளையாட்டாகிவிட்டது. "அதோ, யானைமேல!" "இல்லடா, அது வேற ஆளு!" வாணவேடிக்கை விடும் காட்சி ஒன்று உண்டு. அதைக் கண்டதும் சின்னவன் எழுந்தே உட்கார்ந்துவிட்டான்.

பழைய இடங்களுக்குக் குழந்தைகளை அழைத்துப் போகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் சொல்வது மூன்றுதான். ஓடாதே, தொடாதே, சத்தம் போடாதே. ஓவியத்தைத் தொடக் கூடாது, அதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. சிற்பத்தின்மேல் பேர் கிறுக்கினால் கையைப் பிடித்துத் தடுக்கத்தான் வேண்டும். ஆனால் ஓடக் கூடாது என்று இந்தப் பிராகாரங்கள் எந்தக் காலத்திலும் சொன்னதில்லை. தமிழ்நாட்டுக் கோயில் மண்டபங்களின் கல்தரையைக் குனிந்து பாருங்கள். பல இடங்களில் ஆடுபுலி ஆட்டத்துக்குக் கோடு கிழித்திருப்பார்கள், பல்லாங்குழிக்குக் குழி வெட்டியிருப்பார்கள். யாரோ உளி எடுத்துச் செய்த வேலை. மண்டபம் விளையாடவும்தான் என்று நினைத்த ஒரு சமூகம் இங்கே இருந்திருக்கிறது. இந்தப் பயணத்திலேயே ஓரிடத்தில் சின்னவன் தூணுக்குத் தூண் தாவித் தொட்டு ஓடியதற்காக ஒருவர் அவனை அதட்டி உட்கார வைத்துவிட்டார். அதன் பிறகு அங்கே அவன் எதையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்த இடத்தைப் பற்றிக் கேட்டால் இப்போது அவனுக்கு ஒன்றும் நினைவில்லை.

கடைசி நாள் மாலை வடுவூர். மன்னார்குடிக்குப் பக்கம். கபடிக்குப் பேர்போன ஊர், தெருவில் பிள்ளைகள் புழுதி பறக்க ஆடிக்கொண்டிருந்தார்கள். ஊர் ஏரி 1999இல் பறவைகள் சரணாலயம் ஆனது. 2022இல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. பாசனத்துக்காக வெட்டிய ஏரி. மழையும் காவிரியும் நிரப்பும்வரைதான் பறவைகளுக்கு வீடு, கோடையில் வற்றிவிடும்.

கரையில் நடந்தோம். நத்தைகுத்தி நாரையின் அலகை முதலில் கவனித்தவள் பெரியவள். "அது வாய மூடினாலும் நடுவுல சந்து தெரியுது மாமா." அந்தச் சந்துதான் அதன் பிழைப்பு. வயலில் கிடக்கும் வழுக்கும் நத்தையைப் பிடித்து உள்ளிருப்பதை உருவி எடுக்க அப்படி ஓர் அலகு வேண்டியிருக்கிறது. நெல் விளையும் நாட்டுக்கு இந்த நாரை வருவது நத்தைக்காக. வாத்துக் கூட்டத்தில் ஊசிபோல வால் நீண்ட சில, வடக்கே பனி விழும் நாடுகளிலிருந்து பறந்து வந்தவை. பாம்புத்தாரா ஒன்று கழுத்தை மட்டும் நீருக்கு மேலே நீட்டிப் போனதைப் பார்த்துச் சின்னவன் பாம்பு என்றே நம்பினான். நான் மறுக்கவில்லை. அது இறக்கை விரித்துக் காயவைத்தபோது அவனே சிரித்துக்கொண்டான்.

வெயில் தாழ்ந்தது. வயல்களிலிருந்து பறவைகள் கூட்டம் கூட்டமாகத் திரும்பி வந்தன. பெரியவள் நோட்டை எடுத்து எண்ணத் தொடங்கினாள். நூற்றுப் பன்னிரண்டு வரை போனது. அதற்குள் மேற்கிலிருந்து ஒரு பெரும் கூட்டம் கருவேல மரங்களில் வந்து இறங்கியது, ஏற்கெனவே இருந்தவை எழும்பின. எண்ணிக்கை கலைந்துபோயிற்று. அவள் கொஞ்சம் யோசித்து, 112 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் "இன்னும் வருது" என்று எழுதினாள்.

சின்னவன் கரையில் குத்துக்காலிட்டுச் சிறுதேரைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான்கு நாளில் குரும்பைகள் கறுத்துச் சுருங்கிவிட்டன. ஒரு சக்கரத்தைக் காணோம். திருவாரூரில் விழுந்திருக்கும். கரையோர மண்ணைக் கிள்ளி உருட்டி, நான்காவது சக்கரம் செய்து ஈர்க்கில் செருகினான். ஈர மண், நிற்கவில்லை. இன்னும் கொஞ்சம் கெட்டியாகப் பிசைந்து மறுபடி உருட்டினான். இருட்டுகிறது, கிளம்பலாம் என்றேன். "இரு மாமா, காயட்டும்" என்றான்.